ஒரே எண், வேறு தோட்டா

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கிறவர்கள் நடுவே ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு. அந்தச் சண்டைக்கு நடுவில் நிற்பது நம் நாட்டுத் துப்பாக்கி. மேற்கு வங்கத்தில் ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாபூர் ரைஃபிள் ஃபேக்டரி 1960களில் செய்த '2ஏ1'. ராணுவமும் போலீஸும் கழித்துவிட்ட துப்பாக்கிகள் கப்பல் ஏறி, அங்கே மலிவு விலையில் கடைக்கு வந்தன. வாங்கியவர்கள் கேட்ட முதல் கேள்வி: இதற்கு எந்தத் தோட்டா போடுவது?

துப்பாக்கி 7.62 நேட்டோ தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. கடையில் சுலபமாகக் கிடைப்பது .308 வின்செஸ்டர் என்ற வேட்டைத் தோட்டா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒரே அறைக்குள் போய் உட்காரும். ஒரு கோஷ்டி "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறது. இன்னொரு கோஷ்டி "முகத்துல வெடிக்கும்" என்கிறது.

இதைப் படிக்கப் போய்த்தான் ஒன்று உறைத்தது. இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதைச் சரியாகக் கேட்காமல் விட்டதால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். நம் நாட்டிலோ, துப்பாக்கியும் தோட்டாவும் பொருந்தவே கூடாது என்று அரசாங்கமே வேலை பார்த்த காலமும் இருந்தது. 2ஏ1-க்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அதன் தாத்தாவான .303.

எண்ணை நம்பாதே

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கும் போலீஸ் குடும்பத்துக்காரர்களுக்கும் 'த்ரீ நாட் த்ரீ' என்றால் விளக்க வேண்டாம். .303 என்பது அங்குலக் கணக்கு, சுமார் 7.7 மில்லிமீட்டர். ஆனால் அந்தத் தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டை அளந்தால் .303 வராது, .311 வரும். குழலுக்குள் சுழல் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பள்ளத்துக்கு நடுவே நிற்கும் மேடுகளின் இடைவெளிதான் .303. குண்டு அதைவிடப் பெருத்திருந்தால்தான் பள்ளத்தில் கவ்விச் சுழன்று போகும். ஆக, பெயரே குண்டின் அளவு கிடையாது.

இன்னொரு வேடிக்கை. ஜப்பான் கடற்படை பிரிட்டிஷ் இயந்திரத் துப்பாக்கிகளைப் பார்த்துச் செய்த '7.7' துப்பாக்கிகள் சுட்டது அச்சு அசல் .303 தோட்டாவை. அதே ஜப்பானின் தரைப்படை வைத்திருந்த அரிசாகா ரைஃபிளின் பெயரும் 7.7தான். ஆனால் அதன் தோட்டா வேறு, இதில் நுழையாது. ஒரே நாடு, ஒரே எண், இரண்டு தோட்டா.

ஒரு தோட்டா ஒரு துப்பாக்கிக்குப் பொருந்துகிறது என்று சொல்ல மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, அளவு: அறைக்குள் போக வேண்டும், சுட்டபின் வெளியே வர வேண்டும். இரண்டு, அழுத்தம்: மருந்து எரியும்போது உண்டாகும் வேகத்தையும் சூட்டையும் இரும்பு தாங்க வேண்டும். மூன்று, குறி: துப்பாக்கியின் மேல் உள்ள தூரக் குறிகாட்டி எந்தத் தோட்டாவை வைத்துக் கணக்கிடப்பட்டதோ அந்தத் தோட்டாவைத்தான் சுட வேண்டும். .303-இன் சரித்திரத்தில் இந்த மூன்றும் தனித்தனியாகப் பிசகியிருக்கின்றன.

மருந்து மாறியது, குழல் தேய்ந்தது

1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளை எடுத்துக்கொண்டபோது அதன் தோட்டாவில் இருந்தது பழைய கறுப்பு மருந்து. அது எரிந்தால் கரி படியும். அதனால் மெட்ஃபோர்ட் என்பவர் வடிவமைத்த குழலில் பள்ளங்கள் ஆழமில்லாமல், ஓரம் மழுங்கி இருந்தன. கரி அடையாது, துடைப்பதும் சுலபம். அந்த மருந்துக்கு அது நல்ல வடிவமைப்பு.

சில வருடங்களிலேயே புகையில்லாத கார்டைட் மருந்து வந்தது. கரி பிரச்னை போனது. ஆனால் கார்டைட்டின் சூடு அதிகம். ஆழமில்லாத மெட்ஃபோர்ட் பள்ளங்களை அது வேகமாக அரித்துவிட்டது. 1895-ல் என்ஃபீல்டு தொழிற்சாலை ஐந்து ஆழமான பள்ளங்கள் கொண்ட குழலைக் கொண்டுவந்தது. லீ-மெட்ஃபோர்ட், லீ-என்ஃபீல்டு ஆனது. தோட்டாவின் வெளி அளவு மாறவில்லை, உள்ளே இருந்த மருந்து மாறியதற்கே துப்பாக்கியின் பெயர் மாற வேண்டி வந்தது.

அடுத்தது 1910. அதுவரை இருந்த மார்க் 6 தோட்டாவின் குண்டு மொட்டை மூக்கு, 215 கிரெய்ன், அதாவது கிட்டத்தட்ட 14 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 2,000 அடி. புதிய மார்க் 7 குண்டு கூர்மூக்கு, 174 கிரெய்ன், 11 கிராம் சொச்சம். வேகம் 2,440 அடி. கூடு அதே கூடு. பழைய துப்பாக்கியிலும் போகும், வெடிக்கும். ஆனால் பறக்கும் பாதை வேறு. மார்க் 7-க்குக் குறிகாட்டி அமைத்த துப்பாக்கியில் மார்க் 6-ஐப் போட்டால், தூரம் கூடக் கூட குண்டு குறிக்குக் கீழே விழும். மாற்றிப் போட்டால் தலைக்கு மேலே போகும். அதனால் புதிய தோட்டாவுக்குக் குறிகாட்டி மாற்றிய குழல்களில் 'எச்.வி.' என்று இரண்டு எழுத்து பொறித்தார்கள். அதிவேகம் என்று பொருள். இன்றும் பழைய என்ஃபீல்டைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் தேடும் முத்திரைகளில் அது ஒன்று.

மார்செய் துறைமுகம், 1914

பிரிட்டிஷ் ராணுவம் மார்க் 7-க்கு மாறியது. இந்திய ராணுவம் மாறவில்லை. முதல் உலகப்போர் தொடங்கியபோது இந்தியாவில் புழக்கத்தில் இருந்தது மார்க் 6தான்.

இது தற்செயல் இல்லை. 1857-ல் என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாக் காகிதத்தில் தடவிய கொழுப்பு மாட்டுடையதா பன்றியுடையதா என்ற சந்தேகம் எதில் போய் முடிந்தது என்பது பள்ளிப் பாடம். பாடத்தில் வராதது அதற்கு அடுத்த வருடம் நடந்தது. 1858 மாடல் என்று ஒரு துப்பாக்கி இந்தியச் சிப்பாய்களுக்காகவே வந்தது. வெளித்தோற்றம் அதே என்ஃபீல்டு. ஆனால் குழலுக்குள் சுழல் பள்ளமே கிடையாது, .577 குழலை .656-க்கு அகலமாக்கி வழவழவென்று விட்டுவிட்டார்கள். குறி தப்பும், தூரம் போகாது. அதன்பிறகு பல பத்தாண்டுகள் இதே ஏற்பாடுதான்: வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஒரு தலைமுறை முன்னே, இந்தியச் சிப்பாய்க்கு ஒரு தலைமுறை பின்னே. அவனிடம் மார்ட்டினி-ஹென்றி இருந்தால் இவனிடம் ஸ்னைடர். அவன் கைக்கு .303 வந்தபிறகு இவனுக்கு மார்ட்டினி.

இந்தப் பின்னணியோடு 1914 செப்டம்பர் கடைசியில் லாகூர் டிவிஷன் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. அங்கே பிரிட்டிஷ் ராணுவத்தின் சப்ளை முழுக்க மார்க் 7. கொண்டுவந்த துப்பாக்கியோ மார்க் 6-க்கு ஏற்றது. ஒரே வழிதான்: பழையதை வாங்கி வைத்துக்கொண்டு புதிய துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் அவர்கள் பெல்ஜியம் எல்லையில் போர்முனையில் இருந்தார்கள். குறி, எடை, உதைப்பு எல்லாம் கைக்குப் பழக ஒரு சிப்பாய்க்குக் கிடைத்த காலம் சில வாரங்கள். நம்பாமல் பின்தங்க வைத்ததன் விலையை, நம்பித் தேவைப்பட்ட நாளில் அந்தச் சிப்பாய்தான் கட்டினான்.

ஆனாலும் துப்பாக்கியை மாற்றியது சரியான முடிவு. எவ்வளவு சரி என்பது ஏழே மாதத்தில், அவர்களுக்குப் பக்கத்திலேயே தெரிந்தது.

ஈப்ர், 1915: ராஸ் ரைஃபிள்

போயர் போர்க் காலத்தில் கனடா லீ-என்ஃபீல்டு கேட்டது, பிரிட்டனால் கொடுக்க முடியவில்லை. சார்லஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்து சீமான் தன் சொந்த வடிவமைப்போடு வந்தார், க்யூபெக் நகரில் தொழிற்சாலை எழுந்தது. ராஸ் ரைஃபிள் நேர் இழுப்பு ரகம்: போல்ட்டைத் தூக்கித் திருப்ப வேண்டாம், நேராகப் பின்னால் இழுத்துத் தள்ளினால் போதும். தோட்டா அதே .303. அறையை நுணுக்கமாக, இறுக்கமாகக் கடைந்திருந்தார்கள். கனடாவில் செய்த தோட்டா அதில் கச்சிதமாக உட்காரும். குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ராஸ் பரிசுகளை அள்ளியது.

போர்முனைக்கு வந்தபின் கையில் கிடைத்ததோ பிரிட்டனில் செய்த தோட்டா. போர்க்கால அவசரத்தில் பல தொழிற்சாலைகள் செய்தவை, அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. லீ-என்ஃபீல்டின் அறை தாராளமானது, அது எல்லாவற்றையும் விழுங்கியது. ராஸ் விழுங்கவில்லை. பெருத்த தோட்டா சுட்டதும் கூடு அறையில் கவ்விக்கொண்டது. நேர் இழுப்பு போல்ட்டில் திருகிக் கிளப்பும் வசதி இல்லை. முரட்டு இழுப்பு இழுத்தால் போல்ட்டின் பூட்டுப்பல் பின்னால் இருந்த தடுப்பில் மோதி நசுங்கும். பல் நசுங்கினால் அடுத்த முறை இன்னும் இறுகும். சேறும் சேர்ந்துகொண்டது.

1915 ஏப்ரல் 22, ஈப்ர் நகரின் வடக்கே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். கனடா டிவிஷன் அந்த இடைவெளியை அடைக்க நின்றது. மூச்சுத் திணறும் நேரத்தில், எதிரி ஏறி வரும்போது, பூட்ஸ் காலால் போல்ட்டை உதைத்துத் திறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் போரில் பிழைத்தவர்கள் 5,000 பேரில் 1,452 பேர் ராஸைத் தூக்கி எறிந்துவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். ராணுவத்தில் துப்பாக்கியைத் தொலைப்பதே பெரிய குற்றம். தெரிந்துதான் எறிந்தார்கள். ஏப்ரல் 26 அன்று அதே போர்முனையில் எதிர்த்தாக்குதலுக்கு இறங்கியது, மார்செயில் துப்பாக்கி மாற்றிக்கொண்ட அந்த லாகூர் டிவிஷன்.

இதில் யார்மீது தப்பு? கனடாவின் ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ் கடைசிவரை சொன்னது, "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, தோட்டாதான் மோசம்" என்ற வாதம்தான். தன்னளவில் அது முழுப்பொய் இல்லை. அளவான தோட்டா போட்டால் ராஸ் அருமையான துப்பாக்கி. ராஸ் திரும்பப் பெறப்பட்ட பிறகும் கனடாவின் ஸ்னைப்பர்கள் பலர் அதை விடவில்லை. அவர்களுக்குத் தோட்டாவைப் பொறுக்கி எடுத்துத் துடைத்துப் போட நேரம் இருந்தது. அகழியில் நிற்பவனுக்கு அது கிடையாது.

சாஃப்ட்வேரில் இதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது. இணைய நெறிமுறைகளை எழுதிய ஜான் போஸ்டல் பெயரில் வழங்குவது. சாராம்சம் இதுதான்: நீ அனுப்புவதில் கறாராக இரு, மற்றவன் அனுப்புவதை வாங்குவதில் தாராளமாக இரு. லீ-என்ஃபீல்டு அந்த விதிப்படி நடந்த துப்பாக்கி. .303 தோட்டாவின் அடியில் ஆணித்தலை மாதிரி ஒரு விளிம்பு உண்டு. தோட்டா எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அந்த விளிம்பே நிறுத்திவிடுகிறது. ஆகவே முன்பக்கம் அறையைத் தாராளமாகக் கடைந்தாலும் சுடுவதற்குக் குறைவில்லை. கூடு கொஞ்சம் ஊதும், அவ்வளவுதான். ராஸ் தனக்கு வரும் தோட்டா எப்போதும் சரியாகத்தான் வரும் என்று நம்பி எழுதப்பட்ட புரோகிராம்.

ராஸ் வேண்டாம் என்று வாதாடிய ஜெனரல் ஆல்டர்சன் 1916 மே மாதம் கனடா படையின் தலைமைப் பதவியை இழந்தார். ஆனால் ராஸின் அறைகளைப் பெரிதாக்கிப் பார்த்தும் சிப்பாய்களுக்கு நம்பிக்கை திரும்பவில்லை. அதே வருடம் ராஸ் அகழிகளிலிருந்து விடைபெற்றது. நவம்பரில் ஹியூஸும் பதவி இழந்தார்.

பொருந்தக் கூடாது என்று ஒரு சட்டம்

ஈப்ரில் பொருத்தம் கவனக்குறைவால் போனது. இந்தியாவில் அதைத் திட்டம் போட்டே கெடுத்தார்கள்.

1907-ல் பிரிட்டிஷ் அரசு .450 அளவுத் துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வரத் தடை போட்டது. ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி அந்த அளவு. திருடுபோன தோட்டாவோ குண்டோ தனியார் துப்பாக்கியில் பயன்பட்டுவிடக் கூடாது என்ற பயம். யானை வேட்டைத் துப்பாக்கி செய்யும் லண்டன் கம்பெனிகள் .470 மாதிரியான புதிய அளவுகளைக் கண்டுபிடித்ததே இந்தத் தடையால்தான்.

இஷாபூரில் வேறொரு வேலை நடந்தது. .303 லீ-என்ஃபீல்டின் குழலை .410-க்கு அகலமாக்கி, வழவழ குழலாக்கி, தோட்டா அடுக்கும் இடத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா என்று ஆக்கினார்கள். காவல் வேலைக்கு இது போதும். இது கலகக்காரன் கையில் சிக்கினாலும் ராணுவத்தின் .303 தோட்டாவால் அவனுக்குப் பிரயோஜனம் இல்லை; அந்தக் குண்டு அகன்ற குழலில் கவ்வாது. பார்ப்பதற்கு ரைஃபிள், உள்ளே வேட்டுத் துப்பாக்கி. 1858-இன் அதே தந்திரம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த யோசனை சாகவில்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் குடிமகனுக்கு இன்றும் .303 கிடையாது. அவருக்கு இஷாபூர் செய்து தருவது .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். உடம்பு லீ-என்ஃபீல்டு, தோட்டா பழைய ஆஸ்திரிய மேன்லிக்கரின் 8 மில்லிமீட்டர். ராணுவத் தோட்டா பொருந்தக் கூடாது என்பதற்காகவே ஒரு கலப்பு.

விளைவு? உத்தரப் பிரதேசத்துக் குற்றச் செய்திகளைப் படித்தால் '.315 போர் நாட்டுத் துப்பாக்கி' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். கடையில் எந்தத் தோட்டா கிடைக்கிறதோ அதற்கேற்ற குழலைப் பட்டறைக்காரன் செய்துகொள்கிறான். துப்பாக்கியைத் தேடித் தோட்டா போகவில்லை, தோட்டாவைத் தேடித் துப்பாக்கி போனது.

சரி, 2ஏ1-க்கு வருவோம்

1962 சீனப் போருக்குப் பிறகு இந்திய ராணுவம் 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாறும் அவசரத்தில் இருந்தது. புதிய தானியங்கித் துப்பாக்கிகள் எல்லோருக்கும் உடனே கிடைக்காது. இஷாபூரிடம் கருவிகள் இருந்தன, லீ-என்ஃபீல்டு செய்து பழகிய கைகள் இருந்தன. அதே வடிவத்தில் 7.62-க்கு ஒரு ரைஃபிள் செய்தார்கள். பழைய .303-ஐ எடுத்துக் குழலை மட்டும் மாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. புதிய தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்பதால் வலுவான எஃகில் புதிதாகச் செய்தது. நேட்டோ தோட்டாவுக்கு ஆணித்தலை விளிம்பு கிடையாது, ஆகவே கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியையும் மாற்றினார்கள்.

இப்போது அந்த வாக்குவாதம். ".308-இன் அழுத்தம் 62,000, நேட்டோவுடையது 50,000, ஆகவே ஆபத்து" என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. இரண்டும் வேறு வேறு அளவைகள். 50,000 என்பது செப்புத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்க்கும் பழைய முறை. 62,000 என்பது மின் உணரியால் அளக்கும் புதிய முறை. செப்பு முறையில் அளந்தால் .308-இன் எல்லை 52,000. மலைபோல் தெரிந்த வித்தியாசம், யூனிட்டைச் சரிசெய்தால் மேடாகிவிடுகிறது.

அப்படியானால் "ரெண்டும் ஒண்ணுதான்" கோஷ்டி ஜெயித்துவிட்டதா? அதுவும் இல்லை. உண்மையான வித்தியாசம் யாரும் அதிகம் பேசாத இடத்தில் இருக்கிறது. ராணுவத் துப்பாக்கியின் அறை, சேற்றையும் மோசமான தோட்டாவையும் பொறுத்துக்கொள்ள, வேட்டைத் துப்பாக்கியைவிடச் சற்று நீளமாக இருக்க அனுமதி உண்டு. ராணுவத் தோட்டாவின் பித்தளைச் சுவர் பொதுவாகத் தடிமன், அந்த நீளத்தைத் தாங்கும். வேட்டைத் தோட்டாவின் சுவர் மெலிந்தது. மெலிந்த கூடு நீண்ட அறையில் இழுபட்டால் அடிப்பக்கம் கீறி அறுந்துபோகலாம். போதாக்குறைக்கு லீ-என்ஃபீல்டு வகையில் போல்ட்டின் பூட்டு பின்பக்கம் இருக்கிறது, சுடும்போது போல்ட் சற்று வளைந்து கொடுக்கும், கூடு இன்னும் இழுபடும். எனவே பதில்: துப்பாக்கியின் அறையை முதலில் அளவுக்கட்டையால் அளக்க வேண்டும். பிறகு அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த ராணுவத் தோட்டாவைப் போட வேண்டும். அதிலும் ஒன்று பாக்கி. மலிவாகக் கிடைக்கும் பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்து குழலில் விட்டுப்போவது உப்பு. ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் போட்டால் உப்பு போகாது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவியது அதனால்தான்.

உத்தரப் பிரதேச போலீஸ் 2020 ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்போடு .303-க்கு விடை கொடுத்தது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் இனி இவற்றில் நிறைய வந்து சேரும். பக்கத்தில் இருக்கும் அட்டையில் அளவு, வருடம், செய்த ஊர் போட்டிருப்பார்கள். எந்தத் தோட்டாவுக்கு என்று போட மாட்டார்கள். யாருக்கு நல்ல துப்பாக்கி கொடுத்தார்கள், யாருக்குக் கட்டை அடைத்துக் கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.